விஞ்ஞானி சொன்னா அரசாங்கம் கேக்குமா? வேலூர் பக்கம் அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாலாஜா, ராணிப்பேட்டை என்று பாட்டிலும் ஐஸ் பெட்டியுமாக வண்டியில் சுற்றிய ஆள். விஞ்ஞானி இல்லை, அதிகாரியும் இல்லை, ரெண்டு பேருக்கும் நடுவில் காகிதம் சுமந்தவன். ரிடையர் ஆன பிறகு டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

அறிவியல் ஆலோசனை என்றால் என்ன? யாராவது பெரிய விஞ்ஞானி முதலமைச்சருக்குப் போன் போட்டுச் சொல்வதா?

அப்படியும் எப்போதாவது நடக்கும். ஆனால் பெரும்பாலும் அது சலிப்பூட்டும் வேலை. ஒரு துறை ஒரு கேள்வியை எழுதி அனுப்பும், ஒரு குழு கூடும், இருக்கிற ஆய்வுகளையெல்லாம் வைத்துப் பேசும், கூட்டக் குறிப்பு எழுதுவார்கள், சிபாரிசு ஃபைலில் ஏறும். அதன்மேல் நிதித்துறை ஒரு வரி எழுதும், சட்டத்துறை ஒரு வரி எழுதும், கடைசியில் ஜி.ஓ. என்கிற அரசாணை வரும், அல்லது வராது. குழு பேசியது ஒரு நாள் என்றால் ஃபைல் நடந்தது ஒரு வருடமாக இருக்கும்.

யார் யார் சொல்கிறார்கள்?

டெல்லியில் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்று ஒரு பதவி 1999 நவம்பரில் உருவானது. அதில் முதலில் உட்கார்ந்தவர் நம் அப்துல் கலாம். தடுப்பூசிக்கு என்று 2001 முதல் ஒரு தேசிய தொழில்நுட்ப ஆலோசனைக் குழு இருக்கிறது. மருத்துவத்துக்கு ஐ.சி.எம்.ஆர்., விவசாயத்துக்கு ஐ.சி.ஏ.ஆர்., மழைக்கும் வெயிலுக்கும் வானிலைத் துறை, தோலுக்கு சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மாநிலத்தில் திட்டக் குழு, வேளாண் பல்கலைக்கழகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம், ஆனால் பெயர்ப் பட்டியல் தெரிவதால் விஷயம் புரிந்துவிடாது.

சரி, குழுவுக்குள் என்னதான் பேசுவார்கள்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் கொடுக்க ஆரம்பிக்கிறார்களே, அது.

அதற்குப் பல வருடம் முன்பே சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியாளர் ககன்தீப் காங் இருந்த குழு வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர ஆரம்பித்தது. களப்பணியாளர்கள் வாரம் ரெண்டு தடவை வீட்டுக்குப் போய், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டு எழுதுவார்கள், பதினைந்து நாளைக்கு ஒரு முறை மலம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். 373 குழந்தைகளை மூன்று வருடம் விடாமல் பார்த்தார்கள். வாரம் ரெண்டு தடவை ஒரே வீட்டுக் கதவைத் தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கதவு தட்டியவனுக்குத்தான் தெரியும். அந்தப் பொறுமையில் ஒரு உண்மை கிடைத்தது: நம் பிள்ளைகளுக்கு இந்த வைரஸ் மிகச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது, ஒரு தடவை வந்தால் மறு தடவை வராது என்ற பாதுகாப்பும் வெளிநாட்டில் பார்த்த அளவுக்கு இங்கே இல்லை.

பிறகு உள்நாட்டிலேயே தயாரான ரோட்டாவேக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான நோயைத் தடுப்பதில் பலன் சுமார் 54 சதவீதம். இங்கேதான் குழுவின் வேலை ஆரம்பிக்கிறது. 54 என்பது அளந்து கிடைத்த எண், அது போதுமா என்பது வேறு கேள்வி. பாதிக்குப் பாதி தடுக்கிற மருந்தை நாடு முழுக்க வாங்கலாமா? குளிர்ப்பெட்டியில் இடம் இருக்கிறதா? ஒரு டோஸ் ஒரு டாலருக்குத் தருகிறேன் என்று கம்பெனி சொல்கிறதே, அந்த விலையில் லாபமா நஷ்டமா? குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அபூர்வமான பக்கவிளைவு வருகிறதா என்று யார் கண்காணிப்பது? வேலூர் மையத்தின் கணக்கைத் தனியாகப் பிரித்து வெளியிடுங்கள் என்று கேட்டு டெல்லியில் வழக்குக்கூட போட்டார்கள். அப்படிக் கேட்டவர்களை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை, கேட்க வேண்டிய கேள்விதான்.

கடைசியில் குழு சிபாரிசு செய்தது, அமைச்சகம் ஏற்றது, 2016-இல் நான்கு மாநிலத்தில் ஆரம்பித்து 2017-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பாதி தடுத்தாலும், அட்மிட் ஆகிற பிள்ளைகளில் பாதி குறைந்தால் அது பெரிய எண்ணிக்கை என்பதுதான் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

விஞ்ஞானி சொன்னால் அரசு கேட்டே ஆக வேண்டுமா?

கிடையாது. ஆலோசனை என்ற வார்த்தையிலேயே அது இருக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் சொல்வது மாதிரி, கேட்கலாம், கேட்காமலும் போகலாம், ஏன் கேட்கவில்லை என்று பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

கத்தரிக்காய் கதை தெரியுமா? தண்டையும் காயையும் துளைக்கிற புழுவுக்கு எதிராக, மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவின் மரபணுவை வைத்து பி.டி. கத்தரி உருவாக்கினார்கள். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2009 அக்டோபரில் மரபணு மாற்றப் பயிர்களைப் பரிசீலிக்கிற மத்தியக் குழு ஓகே சொன்னது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதோடு விடவில்லை, ஏழு ஊரில் பொதுக் கூட்டம் போட்டு விவசாயி, விஞ்ஞானி, கடைக்காரர் எல்லாரையும் பேச விட்டு, மாநிலங்களிடமும் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9-இல் இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார். அதே கத்தரியை பங்களாதேஷ் 2013-இல் அனுமதித்தது. இரண்டு அரசாங்கத்தின் மேசையிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே ஆய்வுகள்தான்.

யார் சரி என்று கேட்டால், எனக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஆனால் ரமேஷ் செய்ததில் எனக்குப் பிடித்தது, தான் ஏன் அந்த முடிவுக்கு வந்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு அவரைத் திட்டலாம். படிக்க ஒன்று இருந்தால்தானே திட்டவும் முடியும்? (இலவம்பாடி முள்ளுக்கத்தரி சாப்பிட்டவர்கள் இந்த விவாதத்தில் நடுநிலையாக இருக்க முடியாது என்பது தனி விஷயம். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.)

எண் என்றால் எண்தானே சார், அதில் அரசியல் எங்கே வருகிறது?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தை டி.டி.எஸ். என்கிறோம். இந்தியத் தர நிர்ணயத்தில் அதற்கு ஒரு எண் இல்லை, ரெண்டு இருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத பட்சத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம். அந்த "வேறு ஆதாரம் இல்லாத பட்சத்தில்" என்ற வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். சிறுநீரகத்துக்கு என் ஊரில் வேறு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அந்த 2,000 ஆய்வகத்தில் மட்டும் பிறந்ததில்லை; 500-க்கு மேல் எல்லாவற்றையும் தடை செய்தால் பாதி ஊர் தாகத்தில் கிடக்கும் என்ற கவலையும் அதில் கலந்திருக்கிறது. தப்பு என்று சொல்லவில்லை. அது அறிவியலும் நிர்வாகமும் சேர்ந்து செய்த எண் என்று தெரிந்துகொண்டு படியுங்கள் என்கிறேன்.

வெயிலும் அப்படித்தான். வேலூர் வெயில் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இல்லை நேரடியாக 45 அடிக்க வேண்டும். மே மாதம் நம் இயல்பே 38 என்று வைத்துக்கொண்டால், 42 அடித்தாலும் நாலு டிகிரிதான் கூட. அலை இல்லை. காகிதத்தில் அலை இல்லை, தார் ரோட்டில் நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரருக்கும் சித்தாளுக்கும் என்ன என்பதுதான் கேள்வி. அளவுகோல் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன், ஊருக்கு ஊர் உடம்பு பழகியிருக்கும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்றும் சொன்ன பிறகு, எது அலை எது அலை இல்லை என்ற கோடு வெறும் வானிலை விஷயமாக இருக்க முடியுமா?

தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டுப்போனதே, அந்த விஷயத்தில் விஞ்ஞானிகள் ஒன்றும் சொல்லவில்லையா? ஏன் இப்படி ஆனது?

சொன்னார்கள். நிறையச் சொன்னார்கள், சீக்கிரமாகவே சொன்னார்கள்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சர்வே எடுத்தது: டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள் இருக்கிற பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்றது. ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம் என்ற கணக்கெல்லாம் கோர்ட்டில் பதிவானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட பொதுநல வழக்கு அது. நாக்பூரில் இருக்கிற நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தை அனுப்பி ஆய்வு செய்யச் சொல்லி, அந்த அறிக்கைகளை வைத்துத்தான் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும், சந்தேகம் இருந்தால் ஜாக்கிரதைப் பக்கம் சாய வேண்டும், என் தொழிலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற சுமை தொழில் நடத்துபவர் மேல் என்று மூன்று விஷயத்தை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது நம் வேலூர் வழக்குதான். சட்டக் கல்லூரியில் எங்கே போனாலும் இதைப் படிக்கிறார்கள், பாலாற்றைப் பார்க்காத பிள்ளைகள்கூட.

அப்புறம்? இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையம் போட்டு, அது 2001-இல் சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26.8 கோடி ரூபாய் என்றது. வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒரு ஆளுக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. வழக்கு மறுபடி நடந்து, 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் தீர்ப்பு சொல்லி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள், பாலாற்றைச் சீர்செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது கல்யாணம் ஆகிப் பிள்ளை இருக்கும்.

இதை நேரில் பார்த்ததால் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ஒரு கிணறு. பெரியவர் ஒருவர், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்க்கிறார். டி.டி.எஸ். மீட்டரை விட்டேன், 5,800 காட்டியது. "இன்னா சார் சொல்லுது உன் பொட்டி?" என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. வரப்பைக் காட்டினார், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "உன் பொட்டி இப்போதான் சொல்லுது, இந்த வரப்பு எட்டு வருசமா சொல்லுதே சார். தென்னைல குரும்பை நிக்கல." நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் ஒரு அலுவலகத்தில் ஏழு மாதம் கிடந்து, கடைசியில் "மறு மாதிரி எடுக்கவும்" என்று திரும்பி வந்தது. மறு மாதிரி எடுத்தேன். 6,100.

ஆக, இந்த மாவட்டத்தில் அறிவியல் தாமதமாக வந்ததாக எனக்கு நினைவே இல்லை. ரிப்போர்ட்டுக்கும் உத்தரவுக்கும் நடுவிலும், உத்தரவுக்கும் கால்வாய்க்கும் நடுவிலும்தான் வருடங்கள் காணாமல் போயின. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மூடிப்போன குரோமேட் ஆலையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலையாகக் கிடக்கிறதே, அதைப் பற்றி அறிக்கைக்கா பஞ்சம்? இன்னும் ஒரு ஆய்வு வேண்டும் என்று கேட்பதே ஒத்திப்போடுகிற வழியாக மாறும்போது, விஞ்ஞானியும் தெரியாமல் அதற்குத் துணை போகிறார்.

தோல் தொழிலை மூடிவிடு என்று எழுதுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள். ஆலை, கூலி, கிணறு மூன்றையும் ஒரே தராசில் வைப்பது அரசாங்கத்தின் வேலை, மீட்டரின் வேலை இல்லை.

விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை என்றால் அரசு யாரை நம்பும்?

போலியோவைப் பாருங்கள். மூன்று தவணை சொட்டு மருந்து போதும் என்று புத்தகம் சொன்ன காலத்தில், சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்று போதவில்லை, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வரவில்லை என்று 1970-களிலேயே ஆய்வோடு சொன்னார். ஊசி மருந்துதான் நல்லது என்று பல வருடம் வாதாடினார். மறுபக்கமும் விஞ்ஞானிகள்தான்: சொட்டு மருந்து விலை குறைவு, நர்ஸ் வேண்டாம், பள்ளிக்கூடத்து டீச்சர்கூட வாயில் ரெண்டு சொட்டு விட்டுவிடலாம், கிருமி பரவுவதையும் அது தடுக்கும் என்றார்கள். அரசு சொட்டு மருந்துப் பக்கம் நின்றது, ஆனால் தவணையை ஏகப்பட்டதாகக் கூட்டியது. 1995 முதல் நாடு முழுக்க போலியோ ஞாயிறுகள் வந்தன. இயற்கையாகப் பரவுகிற போலியோ கிருமியால் 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்ததே கடைசி, 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைத்தது. அப்புறம் 2015 நவம்பரில் ஊசி மருந்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

யார் ஜெயித்தது? மூன்று போதாது என்றவர் சரி. சொட்டு மருந்தால் ஒழிக்கலாம் என்றவர்களும் சரி. எனவே "விஞ்ஞானிகளே அடித்துக்கொள்கிறார்கள், ஒன்றும் தெரியாது" என்று கை கழுவுகிறவர்களிடம் நான் கேட்பது, எந்த இடத்தில் அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தீர்களா என்பதுதான். போலியோவில் கிருமி பற்றி யாரும் சண்டை போடவில்லை. சண்டை காசு, ஆள்பலம், எந்தத் திட்டம் ஊர்க்கோடிவரை போகும் என்பதில்தான்.

முழுசாக நிச்சயம் ஆகும்வரை காத்திருந்தால் என்ன?

1986-இல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இந்தியாவில் எய்ட்ஸ் எல்லாம் வராது, நம் பண்பாடு வேறு என்று பெரிய பெரிய ஆட்களே பேசிக்கொண்டிருந்த நேரம். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகள் சேகரித்தார், வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். சோதிக்க சென்னையில் வசதி இல்லை. ஐஸ் பெட்டியோடு கணவரும் அவரும் ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சி.எம்.சி.க்கு வந்தார்கள். காலையில் சோதனையை ஆரம்பித்தார்கள், நண்பகலில் கரண்ட் போய்விட்டது, டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் சோதனைத் தட்டில் சில குழிகள் மஞ்சளாகியிருந்தன. ஆறு மாதிரி பாசிட்டிவ்.

உடனே பேப்பருக்குச் சொல்லவில்லை. திரும்பவும் அந்த ஆறு பேரின் ரத்தம் எடுத்து அமெரிக்கா அனுப்பி வேறு முறையில் உறுதி செய்த பிறகுதான் அரசுக்குப் போய், அப்போதைய மாநில சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது: ஒரு முறை பார்த்து, வேறு முறையில் மறுபடி பார்த்து, உடனே மேலே சொல்வது. நூறு சதவீதத்துக்குக் காத்திருந்தால், கிருமி நம்மோடு சேர்ந்து காத்திருக்காது.

கொரோனாவில் மாற்றி மாற்றிச் சொன்னார்களே, அதற்குப் பேர் அறிவியலா?

ஆமாம். முதலில் பொதுமக்களுக்கு மாஸ்க் அவசியமில்லை என்ற உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் துணி மாஸ்க் போடுங்கள் என்றது. புதுத் தகவல் வந்தால் வார்த்தை மாறும். மாறியதைவிட, ஏன் மாறியது என்று மக்களிடம் நேராகச் சொல்லாததுதான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது.

ஆனால் அந்தச் சமயத்தில் நடந்ததெல்லாம் அறிவியல் சொல்லி நடந்தது என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரல் கடைசியில் நம் மாவட்ட எல்லையில் சித்தூர்ப் பக்கம் போகிற ரெண்டு ரோட்டின் குறுக்கே கல் வைத்துச் சுவரே எழுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? சத்தம் கிளம்பியதும் இடித்தார்கள். ரோட்டில் சுவர் கட்டச் சொல்லி எந்த நிபுணர் குழு எழுதிக் கொடுத்திருக்கும் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

கம்பெனி காசில் ஆய்வு செய்கிற விஞ்ஞானியை நம்பலாமா?

காசு யாருடையது என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் படிக்கலாம், சந்தேகத்தோடு. சொல்லாமல் மறைத்திருந்தால் அது எவ்வளவு நல்ல ஆய்வாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். குழுவில் உட்காருகிறவர் தனக்குச் சம்பந்தமான விஷயம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். போனாரா என்பது கூட்டக் குறிப்பில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சின்ன ஊரில் நடக்கிற விஷயம் டெல்லி வரைக்கும் போகுமா?

ஒரு அஞ்சலட்டை போனது. 1980-களின் பிற்பகுதியில், அப்போது வட ஆற்காடு மாவட்டம், நோய்த் தகவல் சேகரிக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். அரசு ஆஸ்பத்திரி, தனியார் டாக்டர் என்று பேதமில்லாமல் எல்லாரிடமும் அச்சடித்த கார்டு. பட்டியலில் இருக்கிற நோயோடு யாராவது வந்தால் கார்டில் குறித்துத் தபால் பெட்டியில் போட்டால் போதும். போட்டதோடு முடியவில்லை, வந்த தகவலைத் தொகுத்து அதே டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் டாக்டர்கள் தொடர்ந்து எழுதினார்கள் என்பது என் கட்சி. தகவல் கொடுத்தவனுக்குப் பதில் வராவிட்டால் மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவான். இது 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் இதே முறையை எடுத்துக்கொண்டது. நாடு முழுக்க ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல்தான் வந்தது.

சாதாரண ஆள் நான், எங்கள் ஊர்த் தண்ணீர் விஷயமாக என்ன செய்ய முடியும்?

முதலில் எண்ணைக் கையில் எடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். பஞ்சாயத்திலேயே கையடக்கச் சோதனைப் பெட்டி இருக்கலாம், பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள், கேளுங்கள்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் மார்ச் 22 தண்ணீர் தினம். "தண்ணி சரியில்ல" என்று கத்தினால் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தேதி, கிணறு, அளவு மூன்றையும் சொல்லி, தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், முப்பது நாள். இங்கே ஒரு யோசனை: "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்காதீர்கள், அது கேள்வி, தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். "இன்ன தேதி பரிசோதனை அறிக்கை எந்தத் தேதியில் எந்த மேசைக்கு வந்தது, அதன்மேல் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். வருடங்கள் எங்கே காணாமல் போயின என்று அதில் தெரிந்துவிடும். என் ஏழு மாத ரிப்போர்ட் எந்த மேசையில் தூங்கியது என்று நானே அப்படித்தான் ரிடையர் ஆன பிறகு கண்டுபிடித்தேன்.

சாம்பிள் எடுப்பது எப்படி? பிஸ்லரி பாட்டில் போதுமா?

உப்பு, கடினத்தன்மை பார்க்க சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். போர்வெல் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, விளிம்புவரை நிரப்பி இறுக்க மூடுங்கள். ஊர், கிணறு, தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். பால்பாயின்ட் பேனாதான், ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் அழிந்துவிடும். கிருமி பார்க்க வேண்டுமென்றால் பரிசோதனைக் கூடத்திலிருந்தே சுத்திகரித்த பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், அதை அலசக் கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குரோமியத்துக்கும் தனி பாட்டில், அதில் ஆசிட் விட்டுக் கொடுப்பார்கள், முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். கொடுத்ததும் ரசீது வாங்குங்கள், அதில் தேதி முத்திரை இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள்.